டெல்டாவில் மாடல் கிட் அலமாரி ஏன் காலியானது?

கேட்டவர் கும்பகோணத்துக்காரர். பல வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். பள்ளிக்கூட நாட்களில் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பிளாஸ்டிக் விமானம், டாங்கி கிட் (துண்டுகளை ஒட்டிச் சின்ன மாடல் செய்யும் பெட்டி) வாங்கிய கடைகளைத் தேடிப் போயிருக்கிறார். ஒன்றிலும் கிட் இல்லை. ஆன்லைன் வியாபாரம்தான் அவற்றை விழுங்கிவிட்டதா, 13 வயது மகனுக்கு இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைக்க எங்கே போவது என்று கேட்டிருக்கிறார்.

ஆன்லைனுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் வரிசையில் அது கடைசி. அது வருவதற்கு முன்பே நம் பக்கத்து அலமாரிகள் பாதி காலி.

நீங்கள் கிட் வாங்கிய இடத்தைக் கொஞ்சம் உற்று நினைத்துப் பாருங்கள். அது ஒரு ஸ்டேஷனரி கடையாக இருந்திருக்கும், அல்லது ஃபேன்சி ஸ்டோர், அல்லது கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும் விற்ற விளையாட்டுச் சாமான் கடை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் இரண்டு மூன்று தட்டு கிட் பெட்டிகள். அவ்வளவுதான். மாடல் சாமான் மட்டும் விற்றுப் பிழைத்த கடையை நான் டெல்டாவில் பார்த்ததில்லை. அந்த ஸ்டேஷனரி கடைகளில் பல இன்றும் திறந்தே இருக்கின்றன. அலமாரியில் இப்போது தெர்மாகோல் பந்து, பள்ளி ப்ராஜெக்ட்டுக்கான எரிமலை, ரிட்டர்ன் கிஃப்ட், வாட்டர் பாட்டில். ஆகவே கடை ஏன் மூடியது என்று கேட்பதைவிட, கடைக்காரர் அந்த இரண்டு தட்டை ஏன் காலி செய்தார் என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

நான் கணக்கு எழுதுகிறவன். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இந்த மாதிரிக் கடைகள் சிலவற்றுக்கு வரிக் கணக்கு பார்த்திருக்கிறேன். மாடலும் செய்கிறேன். கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவன் என்பதால் முதலில் கணக்கையே சொல்கிறேன்.

ஒரு உதாரணத்துக்கு 1,000 ரூபாய் கிட் ஒன்றில் கடைக்காரருக்கு 200 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல லாபம் மாதிரித் தெரியும். ஆனால் தீபாவளிக்கு வாங்கி அடுக்கிய பெட்டி அடுத்த தீபாவளிக்குத்தான் விற்கிறது. அதே 1,000 ரூபாயை நோட்டுப் புத்தகத்தில் போட்டால் ஒரு தடவைக்கு 80 ரூபாய்தான் நிற்கும், ஆனால் பணம் வருஷத்தில் 8 தடவை சுற்றி வரும். 640 ரூபாய். கடைத்தெருவில் அடிக்கணக்கில் வாடகை கொடுக்கிறவர் எதை வைப்பார்?

அப்படியென்றால் லண்டனிலும் டோக்கியோவிலும் மாடல் கடைகள் இத்தனை காலம் எப்படி நின்றன? அங்கேயும் கிட் மெதுவாகத்தான் விற்கும். கடையை நிறுத்தியது சில்லறைச் சாமான். ஒரு விமானம் முடிக்க ஆறேழு நிறம் பெயிண்ட் வேண்டும், ஒரு பாட்டில் பசை, பிளேடு, மாஸ்கிங் டேப், தூரிகை. பெயிண்ட் காய்ந்துபோகும், பிளேடு மழுங்கும். ஒரு கிட் வாங்கியவன் அதை முடிப்பதற்குள் பல தடவை கடைக்கு வந்து போவான். வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைக் கையில் எடுப்பான். அந்த நடமாட்டத்தில்தான் அடுத்த கிட்டும் விற்கும்.

நம் ஊரில் அந்தப் பகுதி முளைக்கவே இல்லை. மாடலுக்கென்றே வரும் ஹம்ப்ரோல் எனாமலின் 14 மில்லி டப்பா விலையில் ஹார்டுவேர் கடையில் 50 மில்லி ஏஷியன் பெயிண்ட்ஸ் எனாமல் கிடைத்தது. பசைக்கு ஃபெவிகுவிக். இடைவெளி அடைக்க எம்-சீல். தேய்க்க உப்புத்தாள். நிறத்துக்கு கேம்லின். பையன்கள் கெட்டிக்காரர்கள், வீட்டிலும் காசு கணக்காகத்தான் கொடுப்பார்கள், அதனால் கிட்டை மட்டும் அலமாரியில் வாங்கி மற்றதையெல்லாம் வேறு கடையில் வாங்கினோம். கடைக்காரரைப் பொறுத்தவரை கிட் விற்றதோடு அந்த வாடிக்கையாளர் போய்விட்டான், அடுத்த வருஷம் பெரிய பரீட்சை லீவுக்குத்தான் திரும்பி வருவான். என்னைக் கேட்டால், டெல்டாவின் மாடல் அலமாரி காலியானதற்கு வேர் இதுதான். மற்றவை எல்லாம் பிறகு வந்த அடிகள்.

சரக்கு நம் சீதோஷ்ணத்தில் வேறு கிடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை மூன்று நான்கு வருஷம் பார்த்த பெட்டியைத் திறந்தால் அட்டை ஊறி இருக்கும், டீகால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்து மாடல்மேல் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள், மஞ்சளாகிச் சுருண்டிருக்கும். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த டீகாலைத் தண்ணீரில் போட்டால் துண்டு துண்டாகப் பிரியும். வாங்கியவன் வந்து சண்டை போடுவான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி மன்னார்குடி, பட்டுக்கோட்டை வரை கூரைகளைப் பிய்த்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு கடையில் மேல்தட்டுப் பெட்டிகள் அத்தனையும் நனைந்தன. காப்பீட்டுக்குப் பட்டியல் போட்டோம். அந்தக் கடைக்காரர் தென்னை போனவர்களைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் விமானத்துக்கு நஷ்டஈடு கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று அந்த வரியை அடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கிட் எடுக்கவில்லை.

அலமாரியில் வைத்து விற்பது ஒன்றும் நம் ஊர்க் குறை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் என்ற கிட் கம்பெனி தன் ஸ்பிட்ஃபயர் போர்விமானக் கிட்டை 1953-இல் வெளியிட்டபோது அது விற்றது ஊல்வொர்த் கடைகளில், 2 ஷில்லிங்குக்கு. ஊல்வொர்த் என்றால் மிட்டாய், பாத்திரம், பென்சில் எல்லாம் விற்ற சாதாரணக் கடை. ஒரு தலைமுறைப் பையன்கள் கிட் பழகியது அங்கேதான். அந்த ஊல்வொர்த்தும் 2009 ஜனவரியில் கடைசிக் கதவை மூடியது. மாடலுக்கென்றே கிளைகள் வைத்திருந்த மாடல்ஸோன் 2013-இல் திவாலானது. அத்தனை வாங்குபவர்கள் இருந்த நாட்டிலேயே அந்தக் கதி.

அடுத்தது சரக்கு வந்த வழி. மெட்ராஸ் மொத்த வியாபாரிகளிடமிருந்து வந்தது கொஞ்சம். நல்ல சரக்கு வந்தது பெட்டியில். கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம், மாயவரம் என்று வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருந்த பகுதி இது. கோடாலித் தைலம், நைலக்ஸ் புடவை, டார்ச் லைட் வந்த பெட்டியில் தமியா என்ற ஜப்பான் கம்பெனியின் டாங்கி கிட் ஒன்றும் வந்தது. வந்தவர் இரண்டு மூன்று எடுத்து வந்தால் ஒன்றைத் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைக் கடையில் போடுவார். குருவியாகப் போய்வந்தவர்களும் கொஞ்ச காலம் கொண்டுவந்தார்கள். ஆனால் கிட் பெட்டியில் பாதி காற்று. எடை குறைவு, இடம் அதிகம், விலை சுமார். அதே இடத்தில் நாலு செல்போன் வைக்கலாம். பெட்டியில் இடத்துக்குப் போட்டி வந்ததும் கிட் தோற்றது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் தினசரி விமானம் ஓடும் இந்தக் காலத்தில் கிட் வருவது முன்னைவிடக் குறைவு என்பது வேடிக்கைதான்.

அப்புறம் வந்தது சுங்கம். கடைசி ஆணி என்று நான் சொல்வது இதைத்தான். சுங்கப் பட்டியலில் பொம்மைகள் வரும் தலைப்பு 9503. ஸ்கேல் மாடலும், அதாவது அசலை அளவு குறைத்துச் செய்யும் மாடலும், அதே தலைப்பில்தான் பெயர் சொல்லி இருக்கிறது. 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023-இல் 70. அதாவது 1,000 ரூபாய்க்கு வந்திறங்கும் பெட்டிக்குச் சுங்கம் மட்டும் 700 ரூபாய், அந்த 1,700-க்கு மேல் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் மொத்த வியாபாரி, லாரி, கடைக்காரர். இதற்குக் கொஞ்சம் முன்னால், 2019 டிசம்பரில், வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியதை அன்பளிப்பு என்று தபாலில் வரவழைக்கும் வழியையும் அடைத்தார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருளுக்குத்தான். கிட் பெட்டிகளில் 14-க்கு மேல் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் துறைமுகத்தில் கண்டெய்னரை நிறுத்திவைத்து, நாள் வாடகை ஏற ஏற, இது விளையாட்டுச் சாமான் இல்லை என்று வாதாடிக்கொண்டிருக்க ஒரு சின்ன இறக்குமதியாளரால் முடியுமா?

அந்தக் கொள்கையின் நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. மலிவுப் பொம்மைகள் வந்து குவிந்து உள்ளூர்ப் பொம்மைக்காரர்கள் தொழிலை விட்டது நடந்த கதை. கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் முத்திரை விதியிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள், அதனால் நம் தலையாட்டி பொம்மை தப்பித்தது. ஆனால் பிளாஸ்டிக் கிட்டில் காப்பாற்றுவதற்கு இங்கே யாரும் இல்லை. அந்தத் தரத்தில் சொந்தப் பெயரில் கிட் போடும் இந்தியக் கம்பெனி கிடையாது. வார்க்கத் தெரியாது என்பதும் இல்லை. 2006-இல் ஏர்ஃபிக்ஸை வாங்கிய ஹார்ன்பி கம்பெனி பிறகு பல கிட்களை இந்தியாவில்தான் வார்த்தது. பெட்டி ஓரத்தில் மேட் இன் இந்தியா என்று இருக்கும். என்னிடம் ஒன்று இருக்கிறது. அது இங்கிலாந்து போய், அங்கே ஒருவர் வாங்கி, அவர் பெட்டியில் வந்தது. தஞ்சாவூர்க் கடையில் அதை வாங்க வழி இருக்கவில்லை.

பையன்களின் நேரம் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். இந்தப் பழக்கம் பிடிக்கும் வயது 12 முதல் 16. இன்று அந்த வயதுக்கு நீட், ஜே.இ.இ., அதற்கு முன்கூட்டியே ஃபவுண்டேஷன் வகுப்பு. பெரிய லீவு என்ற ஒன்றே சுருங்கிவிட்டது. அலமாரியின் சீசன் அந்த லீவுதான்.

ஆன்லைன் இந்த இடத்தில்தான் வருகிறது. ஏற்கனவே காலியான அலமாரிக்குப் பதிலாக வந்தது. இந்தியாவிலேயே நல்ல இணையக் கடைகள் இருக்கின்றன, டெல்டாவின் எந்தக் கிராமத்துக்கும் அனுப்புகிறார்கள். அன்று எந்த அலமாரியிலும் பார்த்திராத சரக்கு இன்று கைப்பேசியில் இருக்கிறது. அந்த வகையில் நாம் நஷ்டப்படவில்லை.

நஷ்டம் வேறு. தஞ்சாவூரில் ஒரு பெரியவர் கடை இருந்தது. பையன் எந்தப் பெட்டியைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். "எதுவரைக்கும் செஞ்சிருக்க?" என்பார். முதல் தடவை என்றால், "தம்பி, அந்த ரெட்டை எஞ்சின் இப்ப வேணாம். இந்த ஒத்த எஞ்சினை முடிச்சு எடுத்துட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று சின்னப் பெட்டியை நீட்டுவார். "அதான் வேணும் அய்யா" என்று அடம்பிடித்தால் பெட்டியைத் திறந்து, ரன்னர் என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும் நூற்றுச் சொச்சம் துண்டுகளைக் காட்டுவார். பையன் தானே சின்னதை எடுத்துக்கொள்வான். விற்கக் கூடிய ஒன்றை விற்காமல் இருப்பது வியாபாரத்தில் அபூர்வம். அவருக்குத் தெரியும், முதல் கிட் பாதியில் நின்றால் அவன் திரும்ப வர மாட்டான் என்று.

அளவு என்றால் என்ன என்று அவர் விளக்கும் விதமும் அழகு. 1/72 என்றால் ஒரு அங்குலம் ஆறு அடிக்குச் சமம், அதாவது ஓர் ஆள் ஒரு அங்குலம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி என்பார்கள், அது 16 அங்குலத்துக்கு வந்துவிடும். பெரிய கோயில் விமானம் 216 அடி என்றால் 3 அடி உயரம், உன் இடுப்புக்கு வரும். ஸ்பிட்ஃபயர் 5 அங்குலம். இதைக் கேட்ட பையன் அப்புறம் எதைப் பார்த்தாலும் ஆறால் வகுத்துக்கொண்டே போவான். டாங்கிக்கு மட்டும் ஏன் 1/35 என்ற விநோத எண் என்று நான் கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. தமியா 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி போட்டபோது, உள்ளே பேட்டரி அடங்க வேண்டிய அளவுக்கு உடலைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அது சுமாராக 1/35. அந்த எண்ணே உலகம் முழுக்க நின்றுவிட்டது.

இணையக் கடை இப்படி எதையும் சொல்லாது. உங்கள் பையன் 500 துண்டு உள்ள டாங்கியைக் கேட்டால் 500 துண்டு உள்ள டாங்கி வரும். சங்கிலிப் பட்டையில் ஒவ்வொரு கண்ணியாக ஒட்டும்போது வெறுத்துப்போய்ப் பரணில் போடுவான். டெல்டா வீட்டுப் பரண்களில் இப்படிப் பாதியில் நின்ற கிட்கள் நிறைய.

சரி, இங்கே எதுவுமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. பிளாஸ்டிக் கிட்டை மட்டும் மாடல் என்று நினைத்தால்தான் டெல்டா காலியாகத் தெரியும். தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்கிறவர்கள் குளத்தில் வளரும் நெட்டித் தண்டின் வெள்ளைச் சோற்றைக் கூரான கத்தியால் சீவி, பெரிய கோயிலை மாடம் மாடமாக, நந்தி மண்டபத்தோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டுகிறார்கள். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஊரின் உண்மையான ஸ்கேல் மாடல் கடை அதுதான், நாம்தான் அதைக் கல்யாணப் பரிசுக் கடை என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். கொலுவும் இருக்கிறது. படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்லாக்கி, கண்ணாடியைக் குளமாக்கி, தெப்பத்தை மிதக்கவிடும் பார்க்கை மாடல்காரர்கள் டயோராமா என்பார்கள். நவராத்திரி சமயத்தில் கும்பகோணம் கடைத்தெருவில் கிடைக்கும் சின்ன மரம், வேலி, ஆள், மாடு ஆகியவற்றை அளவு பார்த்துப் பொறுக்கி வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க உதவும்.

பஸ் மாடல் செய்யும் பையன்கள் தனிக்கதை. எனக்கு இவர்கள்மேல் பெரிய மதிப்பு. கும்பகோணம் 1972-இலிருந்து சோழன் போக்குவரத்துக் கழகத்தின் ஊர், இப்போதும் அரசுப் பேருந்துக் கோட்டத்தின் தலைமையிடம். இந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பஸ் என்றால் உயிர். சன்போர்டு என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகையை வெட்டி உடல், ஓ.எச்.பி. என்ற ஒளி ஊடுருவும் ஷீட்டில் கண்ணாடி, பழைய பொம்மை லாரியின் சக்கரம், ஃப்ளெக்ஸ் கடையில் அச்சடித்த ஸ்டிக்கரில் வழித்தடப் பலகை, உள்ளே எல்.இ.டி. சீட்டின் நிறம், பின்பக்க ஏணி, கண்ணாடியில் ஒட்டிய சாமி படம் வரை சரியாக இருக்கும். 1/24 அளவில் செய்தால் சுமார் ஒன்றரை அடி நீளம் வரும். சிலர் ஆர்டர் எடுத்து பஸ் முதலாளிகளுக்கும் டிரைவர்களுக்கும் செய்து கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கிட் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. கடை மூடியதற்காக நம்மைப் போல வருத்தப்படுவதும் இல்லை. ஸ்டேஷனரி கடையும் ஹார்டுவேர் கடையும் ஃப்ளெக்ஸ் கடையும் சேர்ந்தால் அவர்களுக்குப் போதும். முடிந்தால் உங்கள் பையனை இப்படி ஒருவரிடம் ஒரு மத்தியானம் உட்காரவைக்க வேண்டும். ஸ்கேலும் கட்டரும் பிடிக்கும் கை அங்கே பழகும்.

ரயில் ஆசை இருந்தால் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. வெளிநாட்டு ஹெச்.ஓ., அதாவது 1/87 அளவு ரயில் மாடலின் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். 87 மடங்கு பெருக்கினால் 1,435, அதாவது ஐரோப்பிய அகலம். நம் அகலப் பாதை 1,676. அதே அளவில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். நம் எஞ்சினை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தினால் கால் ஒடுங்கி நிற்கும். பழைய மீட்டர்கேஜ் பாதையைச் செய்ய நினைத்தால் அதிர்ஷ்டம். 1,000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5, சுவிட்சர்லாந்து மீட்டர்கேஜுக்கு விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். நாகப்பட்டினத்தில் இருந்து 1928-இல் பொன்மலைக்குப் போன ரயில்வே பணிமனையால் இந்தப் பக்கம் ரயில்வே குடும்பங்கள் நிறைய. அங்கே ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் பித்தளைத் தகட்டில் செய்திருக்கும் எஞ்சின்களைப் பார்த்தால் விலைக்கு வாங்குவதையே மறந்துவிடுவீர்கள்.

இனி உங்கள் பையனுக்கு. பசையும் பெயிண்டும் வேண்டாத, அழுத்தினால் பொருந்தும் வகையில் ஒன்றை முதலில் கொடுங்கள். பண்டாயின் கண்டம் ரோபோக்கள் இந்த வகை, துண்டுகள் நிறத்தோடேயே வரும். சிங்கப்பூரில் இருந்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அது முடிந்ததும் 1/72-இல் ஒரு ஒற்றை எஞ்சின் விமானம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020-லிருந்து சுகோய்-30 பறப்பதைப் பார்த்துவிட்டு அதைத்தான் கேட்பான். ஸ்வெஸ்டா கம்பெனியின் 1/72 சுகோய்-30எஸ்.எம். நம் விமானத்துக்கு மிக நெருக்கம், இந்திய டீகால் தனியாகத் தேட வேண்டும். ஆனால் அது ஒரு அடி நீளம், மூன்றாவது நான்காவது கிட்டாக இருக்கட்டும்.

கருவிக்கு எலக்ட்ரிக்கல் கடை நிப்பர், ஸ்டேஷனரி கடை கட்டர், ஆட்டோ பெயிண்ட் கடையில் 400, 800, 1000 நம்பர் தண்ணீர் உப்புத்தாள். ஃபெவிகுவிக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒட்டிய இடம் தட்டினால் விடும், காக்பிட் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டால் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும் மாடல் சிமெண்ட் ஒரு பாட்டில் வரவழையுங்கள், நெடுநாள் வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அவன் அதைத் தொடட்டும். என்.சி. தின்னர் கலந்த கார் பெயிண்டை வெறும் பிளாஸ்டிக்கில் அடித்தால் மேல்பரப்பு கரையும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கோடு ஆரம்பிப்பதே நல்லது. அடைமழைக் காலத்தில் ஸ்ப்ரே அடித்தால் வெளுத்துப்போகும், அந்த இரண்டு மாதம் ஒட்டுவது, தேய்ப்பது, உட்புறம் தூரிகையால் தீட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டி எங்காவது கிடைத்து டீகால் மஞ்சளாக இருந்தால், ஜிப் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள், சில வாரத்தில் நன்றாகவே வெளுக்கும்.

சிங்கப்பூர் நண்பர்கள் வரும்போது கிட் கேளுங்கள், பெயிண்ட் கேட்காதீர்கள். எனாமல், லாக்கர், சால்வென்ட் பசை எதையும் விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். அவற்றை இந்திய இணையக் கடையில், தரைவழியாக, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்குவதுதான் கட்டும்.

இந்த ஊரில் மறுபடி ஒரு கடை வருமா என்றும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். கையில் சேமிப்போடு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன், கடை வைக்காதீர்கள். கிட்டை நம்பி வைத்தால் மேலே சொன்ன கணக்கு உங்களையும் விடாது. வரும் வாய்ப்பு உள்ளது அலமாரிதான், அதுவும் கிட் இல்லாத அலமாரி. திருச்சி என்.ஐ.டி.யிலும் வல்லத்திலும் ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சன்போர்டு, சின்ன மரம், சின்ன ஆள் விற்கும் ஸ்டேஷனரி கடைகள் இருக்கின்றன. அதில் ஒரு தட்டில் மாடல் சிமெண்ட், பிளேடு, பிரைமர், பத்து நிறம் அக்ரிலிக் இருந்தால் அந்தப் பிள்ளைகளும் வாங்குவார்கள், பஸ் பையன்களும் வாங்குவார்கள், நாமும் வாங்குவோம். அன்று இல்லாமல் போன சில்லறை நடமாட்டம் இப்போது இவர்களால் வரலாம். முதல் சரக்கை நீங்கள் வாங்கி அவர் கடையில் வையுங்கள், விற்றதற்கு மட்டும் மாதக் கடைசியில் காசு, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு தட்டுக்குச் சரக்கு போட ஒரு நல்ல கிட் நாலைந்து வாங்கும் பணம் ஆகும். ஜி.எஸ்.டி. பில் யார் பெயரில் வர வேண்டும் என்று கணக்கு எழுதுகிறவனிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பின்னால் அவனுக்குத் தலைவலி இருக்காது.